எல் போர்ட் வண்டியும் வீடியோ கேமும்

டிரைவிங் பழக்குவது என்பது, ஸ்டேரிங்கோடு நம் உயிரையும் சேர்த்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா ஓட்டுறீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிற தொழில். மச்சினனுக்கோ மகளுக்கோ கார் பழக்குகிறேன் என்று இடது பக்க ஸீட்டில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் நொந்தவர்கள் என்னைச் சொந்தக்காரியாக ஏற்றுக்கொள்வார்கள். எனக்காவது என் காலடியில் நிஜமாகவே ஒரு பிரேக் இருக்கிறது. உங்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

கண்டி டவுனில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் எனக்குப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. புதிதாக வருகிற எல்லோரிடமும் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன்: "கேம் விளையாடுவீங்களா?" ஆமாம் என்றால் என் பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வேன். வீடியோ கேம் கைக்குப் பழகியவர்கள் ரோட்டுக்கு ஆகமாட்டார்கள் என்பது என் தீர்ப்பு. அதை யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொல்லியும் வந்தேன்.

வீட்டில் வேறு கதை. என் கணவர் பரமசிவம் இருபத்திரண்டு வருடம் ஹேவாஹெட்ட ரோட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்தது. வாயும் காலும் தப்பித்துக்கொண்டன, இடது கை மட்டும் மடியில் கிடந்தது. நம் நாட்டு வண்டியில் கியர் இடது கைக்குத்தான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கையில் வைத்து அமுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டார். பஸ்ஸில் பயணியாக ஏறுவதற்கும் மாட்டேன் என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த மனிதர் மறுபடி ஒரு நாள் ஸ்டேரிங் பிடிப்பாரா என்ற ஒரே கேள்வியோடுதான் நான் தினமும் வேலைக்குப் போய் வந்தேன்.

தானாக ரோட்டுக்கு வரும் கார்

நுஹா அலவத்துகொடையிலிருந்து பழக வந்தவள். இருபத்திரண்டு வயது. கணக்கியல் படிக்கிறாள். மிச்ச நேரத்தில் ஒன்லைனில் கார் ஓட்டம் விளையாடி மாமா பிள்ளைகளைத் தோற்கடிப்பாள். என் கேள்விக்கு, "ஓ மிஸ், சின்ன வயசிலேந்து" என்று பெருமையாகவே பதில் சொன்னாள். கிளச்சை விடுவதும் கியர் மாற்றுவதும் முதல் நாளே அத்தனை சுத்தம். நானே ஏமாந்து பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

மூன்றாம் நாள் அவள் ஊர்ப்பக்கத்து ஒடுங்கின ரோட்டில், எதிரே வந்த த்ரீவீலுக்கு ஒதுங்கப்போய் இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. பக்கத்தில் வயல். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடிப்பார்கள். இவள் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகக் காத்திருந்தாள். நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்லவேண்டும். அவள் விளையாடுகிற கேமில் கார் ரோட்டை விட்டுப் போனால், அதுவே இரண்டு விநாடியில் காரைத் தூக்கி ரோட்டு நடுவில் வைத்துவிடுமாம். "ஏன் மகள் கையை எடுத்தீங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். "இல்ல மிஸ், கையை எடுத்தாத்தான் அது கெதியா தூக்கி வைக்கும்" என்றாள்.

ஜெர்மன்காரர்களின் மரியாதை

தினேஷ் பன்வில பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. டவுனில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்கிறார். அவர் விளையாடுவது லொறி கேம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களோடு சேர்ந்து ஐரோப்பாவில் சாமான் ஏற்றுவாராம். வேகமே கிடையாது, சமிக்ஞை போடாமல் திரும்பமாட்டார், பாதசாரி தூரத்தில் வந்தாலே நின்றுவிடுவார். என் தீர்ப்பை மாற்றி எழுதலாமா என்று யோசிக்கும் அளவுக்குத் தங்கமான பிள்ளை.

வத்தேகம ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அந்தப் பக்கத்திலிருந்து மணல் லொறி ஒன்று ஹெட்லைட்டை அடித்துக்கொண்டு வந்தது. நம்மூரில் அதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். தினேஷ் ஒரு கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு நேரே பாலத்தில் ஏறினார். நான் பிரேக் பிடிக்க, லொறிக்காரர் பிரேக் பிடிக்க, இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. லொறிக்காரர் இறங்கிவந்து எங்கள் இருவர் பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனார். தினேஷுக்குத் திட்டு வாங்கியதைவிட வேறு ஒரு வருத்தம் பெரிதாக இருந்தது: "அஞ்சு மாசமா ஜெர்மன்காரங்ககூட ஓடுறேன் மிஸ், ஒருத்தனும் லைட்ட அடிச்சிட்டு மேல வந்ததே இல்ல!"

கேமே தொடாதவர்

என் தீர்ப்புக்கு முதல் அடி ஒரு கணக்கு டீச்சரிடமிருந்து விழுந்தது. ஐம்பது வயது. "கேமா? ஃபோனில் மணி பார்ப்பதோடு சரி" என்றார். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைதான் நீடித்தது. வலது பக்கம் திருப்பச் சொன்னால் சமிக்ஞை போடுவார், திருப்பமாட்டார். திருப்பினால் திருப்பிய ஸ்டேரிங்கை நேராக்க மறந்துவிடுவார். ரோட்டைப் பார்க்காமல் பொனட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கேமும் தொடாத இவர் ஏன் இப்படி ஓட்டுகிறார் என்று நான் வாயை மூடிக்கொண்டு யோசித்தபோது, அவர் வண்டியை ரோட்டு நடுவிலேயே நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்: "நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு மிஸ், பேசினா பிழை விடுறேன், என்ன செய்யலாம்னு நீங்களே முடிவெடுங்க."

மேசையில் பூட்டிய ஸ்டேரிங்

ஒரு நாள் நுஹாவிடம் கியரை மாற்றச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே அழுதுவிட்டேன். காலையில் என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் சட்டையையே கழற்றி எறிந்திருந்தார். அந்தப் பிள்ளை வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "மிஸ், என்கிட்ட ஸ்டேரிங் செட் ஒண்டு சும்மா ஈக்கி. பெடல், கியர் எல்லாம் ஈக்கி. கியரை இடது பக்கமும் பூட்டலாம்" என்றாள். கேமை இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டிய நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் வாப்பாவும் வேனில் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் அதைப் பூட்டினார்கள். மேசைக்குக் கீழே பெடல், டீவியில் படம். அதற்கான பஸ் கேமையும் அவளே தேடிப் பிடித்திருந்தாள். நம்மூர்ப் பொடியன்கள் யாரோ பொழுது போகாமல், ஹேவாஹெட்ட பக்கத்து மலை ரோட்டைப் போலவே ஒரு ரோட்டைச் செய்து அதில் போட்டிருந்தார்கள். தேயிலை, மதகு, பஸ் நிற்கும் ஹோல்ட், ரோட்டோரப் பிள்ளையார் கோயில் எல்லாம் இருந்தன. நுஹாவின் வாப்பா ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் முழங்காலில் நின்று வயர்களைப் பொருத்தினார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். கடைசியில் வந்து உட்கார்ந்தார், வலது கையால் இடது கையைத் தூக்கிக் கியர் மேல் வைத்தார், அங்கும் இங்கும் தேடினார். "எல்லாம் சரி மகள், ஹேண்ட்பிரேக் எங்க? ஹேண்ட்பிரேக் இல்லாத வண்டிய நா எடுக்கமாட்டேன்."

ஹோல்ட்டை விட்டுப் போகாத பஸ்

கேம் விளையாடினால் ரோட்டு நடத்தை கெட்டுவிடும் என்று பயந்தவளுக்கு, ரோட்டு நடத்தையால் கேம் கெட்டுப்போவதைப் பார்க்கும் பாக்கியமும் கிடைத்தது. இவர் டீவி பஸ்ஸை ஹோல்ட்டுக்கு ஹோல்ட் நிறுத்துவார். பொம்மை மனிதர்கள் எல்லோரும் ஏறி, அவர் மனதுக்குள் ஒரு கொண்டக்டர் "ரைட்" சொன்ன பிறகுதான் எடுப்பார். வளைவுக்கு வளைவு ஹோர்ன். ஏறிவருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்ற மலை ரோட்டு வழக்கப்படி, கம்ப்யூட்டர் ஓட்டுகிற லொறிக்கும் ஒதுங்கி நிற்பார். அந்த லொறி நன்றி சொல்லாமல் போனால், "வளர்ப்பு சரியில்ல" என்பார்.

நுஹா அவருக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு நாள் தன் மாமா பிள்ளைகள் ஓடுகிற ஒன்லைன் ரோட்டில் அவரையும் சேர்த்துவிட்டாள். அன்று எனக்கு அவளிடமிருந்து ஒரு ஃபோன் வந்தது. நான் வேலையில் இருந்தேன். ஏதோ விபரீதம் என்று பதறி எடுத்தேன். "மிஸ், அங்கிளுக்குப் பின்னால பதினேழு வண்டி நிக்கிது, முந்தவும் ஏலா, திட்டவும் ஏலா, அவர் யாரோ குடை மறந்துட்டாங்கண்டு காத்துக்கிட்டு ஈக்கிறார்!"

பிள்ளையார் வளைவு

பஸ் ஓட்டிய காலத்தில் இவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ரோட்டோரப் பிள்ளையார் வளைவு வந்தால் ஸ்டேரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போடுவார். அரை விநாடிதான். பஸ்ஸில் இருந்தவர்களும் அந்த அரை விநாடி உருகிக் கும்பிட்டார்கள் என்று கேள்வி. நானும் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். "இருபத்திரெண்டு வருஷமா அவரு பாத்துக்கல்லியா?" என்பதே பதில்.

மேசையில் ஸ்டேரிங் பூட்டி இரண்டு மாதம் ஆகியிருக்கும். கியருக்குத் தூக்கி வைக்க வேண்டியிருந்த கை மெல்லத் தானே கியருக்குப் போகப் பழகியிருந்தது. ஆனால் நெஞ்சுக்கு மேலே அது எழும்பியதில்லை, டீவிப் பிள்ளையாருக்கும் இத்தனை நாள் வலது கையால் மட்டும்தான் கும்பிடு. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். டீவியில் டமார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ் தேயிலைக்குள் தலைகீழாகக் கிடக்கிறது. இவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நெற்றிக்கு நேரே கூப்பியபடி திகைத்துப்போய் இருக்கிறார். இரண்டு கையையும். கோயில் வளைவைக் கண்டதும் பழக்கம் தன் வேலையைக் காட்டியிருக்கிறது, கூடவே இடது கையையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. எந்தப் பயிற்சிக்கும் மசியாத கை அது. நான் துருவலையைப் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதேன். பிள்ளையாருக்கும், அந்த வளைவில் அவருக்கு மறக்காமல் கோயில் கட்டிய முகம் தெரியாத பொடியன்களுக்கும், நுஹாவுக்கும், அவள் வாப்பாவுக்கும் எந்த வரிசையில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இவருக்கோ கோபம். "ஆளுங்க எல்லாம் பஸ்ஸுக்குள்ள கெடக்குறாங்க லெச்சுமி, நீ என் கையப் பாத்து அழுவுற!"

டாக்டரின் கடிதம்

டாக்டர் கடிதம் கொடுக்கும்வரை நிஜ வண்டியைத் தொடமாட்டேன் என்று இவர் என்னிடம் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றியதற்கு நான் அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், மேசையிலேயே ஐந்து மாதம் ஓட்டினார். கிளினிக் நாளன்று புதுச் சட்டை போட்டு, பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்தார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுகிறவர். கையை இழுத்தார், தள்ளினார், விரல்களை எண்ணச் சொன்னார். என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டு எழுதிக்கொண்டார். பஸ் இனி இல்லை என்று அவர் சொன்னபோது இவர் தலையைக் குனிந்தார். டாக்டர் பேனையை மூடிவிட்டுத் தொடர்ந்தார்: "கார் ஓடலாம், ஓம், பயப்பிடாமல் ஓடலாம். ஆனா முதல் மூண்டு மாசம் பக்கத்தில டிரைவிங் பழக்கிற ஆள் ஆராவது இருக்கோணும், உங்களுக்கு அப்பிடி ஆரையும் தெரியுமோ?"

வலது பக்கம் பார்க்கும் பட்டன்

ஸ்கூல் முதலாளி நான் பழக்குகிற காரையே கொடுத்தார், எல் போர்டோடு. இருபத்திரண்டு வருட டிரைவருக்கு எல் போர்டா என்று இவர் முகம் கறுத்தது. நான் கழற்றவில்லை. மைதானத்துக்குள் நான்கு சுற்று ஓட்டினார். கிளச், கியர், ரிவர்ஸ், எல்லாம் பழைய பரமசிவம். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போலிருந்தது. "ரோட்டுக்கு எடுங்க" என்றேன்.

மைதானத்து வாசலில் வந்து, வலது பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் நேரே ரோட்டுக்கு இறங்கினார். வலது பக்கத்திலிருந்து ஒரு வேன் பறந்து வந்தது. என் கால் எனக்கு முன்னால் முடிவெடுத்தது. வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டே முகத்துக்கு முன்னால் கடந்துபோனது. எனக்கு ஆத்திரம், பயம், எல்லாம் சேர்ந்து வந்தது. "கேம்காரப் புள்ளைங்க பண்ற அதே கூத்து!" என்று கத்தினேன். அவர் ஸ்டேரிங்கில் தடவிக்கொண்டிருந்த தன் வலது கைப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் பூட்டிய ஸ்டேரிங்கில் அந்த இடத்தில் ஒரு பட்டன் உண்டு, அதை அமுக்கினால் படம் வலது பக்கம் திரும்பும். ஐந்து மாதமாகக் கழுத்துக்கு வேலையே இருந்திருக்கவில்லை. முகம் வெளிறிப்போய், பழக வந்த பிள்ளையைப் போல மெதுவாகக் கேட்டார்: "லெச்சுமி, நா கழுத்தத் திருப்பவே மறந்துட்டேன், எனக்கு முதல்லேந்து சொல்லித் தாறியா?"

தலாத்து ஓயாவுக்கு மேலே

சொல்லிக்கொடுத்தேன். மற்றவர்களுக்குப் பழக்குவது போலவே, "வலது, இடது, மறுபடி வலது" என்று வாசலுக்கு வாசல் ஒப்புவிக்க வைத்தேன். அதற்குள் நுஹா ஓட்டிக் காட்டும் ட்ரயல் பாஸ் செய்து லைசன் எடுத்துவிட்டாள். இவர் மூன்று வாரம் டவுனுக்குள்ளேயே ஓடினார். ஒரு சனிக்கிழமை, கேட்காமலே ஹேவாஹெட்ட ரோட்டுக்குத் திருப்பினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தலாத்து ஓயா கடந்து மலை ஏறத் தொடங்கினோம். ஒடுங்கின ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கி வந்தது. படி வரை ஆள். அவர் ஓட்டிய அதே பஸ். ஓட்டுவது, அவரிடம் கொண்டக்டராக இருந்து டிரைவரான சுரேஷ். இரண்டு வண்டிக்கு அங்கே இடமில்லை. ஏறுகிறவருக்குத்தான் வழி என்பது மலை ரோட்டு வழக்கம்தான், ஆனால் எல் போர்ட் மாட்டிய காருக்கு அந்த வழக்கத்தை யாரும் கொடுப்பதில்லை. பதினோரு வருடத்தில் எனக்கு ஒருவரும் கொடுத்ததில்லை. நாம்தான் பின்னால் எடுக்க வேண்டும், அந்தச் சரிவில் வளைவுக்குள் ரிவர்ஸ் எடுக்க அவர் கை தாங்குமா என்று நான் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டேன். இவரும் பின்னால் பார்க்கக் கழுத்தைத் திருப்பினார்.

அதற்குள் பஸ்ஸின் ரிவர்ஸ் சத்தம் கேட்டது. கொண்டக்டர் இறங்கிப் பின்னால் ஓடிப்போய்த் தட்டிக்கொண்டே வர, நிறைந்த பஸ் அங்குலம் அங்குலமாக மலையில் பின்னோக்கி ஏறி, மதகடியில் ரோட்டு அகன்ற இடத்தில் ஒதுங்கி நின்றது. ஜன்னல்கள் முழுக்கத் தலைகள். இவர் முதல் கியரைப் போட்டார். இடது கை நடுங்கவில்லை, எனக்குத்தான் கண் மறைத்தது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் கார் வந்ததும் சுரேஷ் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு சொன்னார்: "ஏறி வாங்கண்ணே, மெதுவா வாங்க, உள்ள இருக்கிறது எல்லாம் ஒங்க ஆளுங்கதான், எவ்வளவு நேரம்னாலும் நிப்பாங்க!"

வீடியோ கேம் விளையாடினால் ரோட்டில் ஓட்டுகிற விதம் மாறுமா என்று இப்போது யாராவது கேட்டால், நிச்சயம் மாறும், கெட்டதை என் பிரேக் பார்த்துக்கொள்ளும், நல்லதற்கு நன்றி சொல்லித் தீர்க்கத்தான் எனக்கு இன்னொரு பதினோரு வருடம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, பெல்ட்டை வழக்கம்போல இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்கிறேன்.